லாபத்தில் இருக்கும் கம்பெனியின் பங்கு ஏன் விழுகிறது? காலாண்டுக் கணக்கும் நம் எஸ்ஐபி பணமும்

2024 அக்டோபர் 24, வியாழக்கிழமை. இண்டஸ்இண்ட் வங்கி தனது ஜூலை - செப்டம்பர் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. நிகர லாபம் ரூ.1,331 கோடி. மூன்றே மாதத்தில் இவ்வளவு லாபம் என்றால் நல்ல செய்திதானே?

மறுநாள் காலை சந்தை திறந்ததுமே அந்தப் பங்கை விற்பதற்கு முண்டியடித்தார்கள். வர்த்தகம் முடியும்போது விலை சுமார் 18% சரிந்திருந்தது. முதல் நாள் ஒரு லட்ச ரூபாய்க்கு அந்தப் பங்கை வைத்திருந்தவரிடம், மறுநாள் சாயங்காலம் மிஞ்சியது ஏறக்குறைய 82,000 ரூபாய்.

வங்கிக்கு நஷ்டம் வரவில்லை. லாபம்தான் குறைந்தது. முந்தைய ஆண்டு இதே காலாண்டில் ரூ.2,200 கோடி அளவில் இருந்த லாபம், 40 சதவீதம் போல இறங்கிவிட்டது. சிறுகடன்கள் திரும்பி வராமல் போகலாம் என்று வங்கி ஒதுக்கி வைத்த தொகை ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. “இது இந்த ஒரு காலாண்டோடு முடியுமா, இன்னும் இருக்கா?” என்ற கேள்விக்குச் சந்தை தானாகவே ஒரு பதில் சொல்லிக்கொண்டது. அதுதான் அந்த 18%.

2020 மார்ச்சில் நாட்டில் இருந்த டீமேட் கணக்குகள் சுமார் 4 கோடி. 2024 முடியும்போது 18 கோடிக்கும் மேல். அதாவது, இன்று சந்தையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஏறுமுகத்தில் உள்ளே வந்தவர்கள். கம்பெனிகளின் லாபம் குறையும் காலம் எப்படி இருக்கும் என்பதை அவர்கள் முதன்முறையாகப் பார்த்தது 2024 அக்டோபருக்குப் பிறகுதான். அந்தச் சில மாதங்களில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த முறை நடந்தால் என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பங்கு வாங்கும்போது எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

ஒரு பங்கு என்பது அந்தக் கம்பெனியில் ஒரு சின்ன உரிமை. கம்பெனி இனிமேல் சம்பாதிக்கப்போகும் லாபத்தில் ஒரு துளி உங்களுக்கும் சேரும். நேற்றைய லாபத்தைப் பழைய பங்குதாரர்கள் அனுபவித்துவிட்டார்கள். நீங்கள் பணம் கொடுப்பது நாளைய லாபத்துக்கு.

இதை அளக்க இரண்டு எண்கள் போதும்.

ஒன்று, ஒரு பங்குக்கான லாபம். இதை இ.பி.எஸ். என்பார்கள். கம்பெனியின் மொத்த ஆண்டு லாபத்தை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது.

இரண்டு, பி.இ. விகிதம். பங்கின் விலையை இ.பி.எஸ்.-ஆல் வகுத்தால் வருவது. பி.இ. 40 என்றால், அந்தக் கம்பெனி சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சந்தை 40 ரூபாய் கொடுக்கத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். எதற்காக 40 மடங்கு? லாபம் வருஷா வருஷம் வளரும் என்ற நம்பிக்கைக்காக.

ஆக, பங்கு விலை = லாபம் × நம்பிக்கை. இந்த இரண்டில் எது குறைந்தாலும் விலை குறையும். இரண்டும் சேர்ந்து குறைந்தால்?

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு கம்பெனியின் இ.பி.எஸ். 50 ரூபாய், பி.இ. 40. விலை 2,000 ரூபாய். அடுத்த ஆண்டு இ.பி.எஸ். 60 ஆகும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வந்தது 48. லாபம் குறைந்தது வெறும் 4%. ஆனாலும் “இது வேகமாக வளரும் கம்பெனி” என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. இனி 40 மடங்கு கொடுக்க ஆளில்லை, 30 மடங்குதான். 48 × 30 = 1,440 ரூபாய்.

லாபத்தில் 4% சரிவு, பங்கு விலையில் 28% சரிவு. இதுதான் இரட்டை அடி.

விற்பனை கொஞ்சம் குறைந்தால் லாபம் ஏன் இவ்வளவு குறைகிறது?

ஒரு மெஸ் கணக்கைப் பார்த்தால் சட்டெனப் புரியும். மாதம் 2 லட்சம் ரூபாய் வியாபாரம். அரிசி, பருப்பு, காய்கறி, கேஸ் எல்லாம் சேர்த்து 1 லட்சம். வாடகை, ஆட்கள் சம்பளம், கடன் தவணை சேர்த்து 75,000. மிச்சம் 25,000 லாபம்.

ஒரு மாதம் வியாபாரம் 10% குறைந்து 1.80 லட்சம் ஆகிறது. சாமான் செலவும் 10% குறைந்து 90,000 ஆகும். ஆனால் வாடகை குறையுமா? சம்பளம் குறையுமா? அதே 75,000 அப்படியே நிற்கும். மிச்சம் 15,000.

வியாபாரம் குறைந்தது 10%. லாபம் குறைந்தது 40%.

பெரிய கம்பெனிகளுக்கும் இதே கதைதான். தொழிற்சாலை, இயந்திரம், ஊழியர்கள், வட்டி எல்லாம் விற்பனை இறங்கினாலும் இறங்காத செலவுகள். வியாபாரம் நன்றாக நடக்கும்போது இதே கணக்கு தலைகீழாக வேலை செய்யும். விற்பனை 10% கூடினால் லாபம் 40% கூடும்.

செலவுப் பக்கமிருந்தும் அடி வரலாம். 2024-ன் பிற்பகுதியில் பாமாயில் விலை ஏறியது. செப்டம்பரில் மத்திய அரசு சமையல் எண்ணெய்க்கான இறக்குமதி வரியையும் கூட்டியது. சோப்புக்குப் பாமாயில் சார்ந்த பொருட்கள்தான் முக்கிய மூலப்பொருள். மக்கள் ஏற்கெனவே கையை இறுக்கிப் பிடித்துச் செலவு செய்துகொண்டிருந்த நேரம். சோப்பு விலையை உடனே ஏற்றினால் விற்பனை படுக்கும், ஏற்றாவிட்டால் லாபம் குறையும். இந்தச் சிக்கலில்தான் அன்றாடப் பொருட்கள் விற்கும் கம்பெனிகள் மாட்டின. 2024 அக்டோபரில் இந்துஸ்தான் யூனிலீவர் லாபம் 4% குறைந்ததாக அறிவித்தது. மறுநாள் பங்கு ஏறக்குறைய 6% இறங்கியது.

ஏஷியன் பெயின்ட்ஸ் சொல்லும் பாடம்

இரட்டை அடிக்கு நிஜ உதாரணம் வேண்டுமென்றால் ஏஷியன் பெயின்ட்ஸ்.

பெயின்ட் சந்தையில் பல பத்தாண்டுகளாக முதலிடத்தில் இருக்கும் கம்பெனி. 2024 பிப்ரவரியில் ஆதித்ய பிர்லா குழுமம் ‘பிர்லா ஓபஸ்’ என்ற பெயரில் பெரிய முதலீட்டோடு இந்தத் தொழிலில் இறங்கியது. அதே சமயத்தில் நகர்ப்புறத் தேவையும் மந்தமானது. 2024 நவம்பர் 9-ல் வெளியான காலாண்டுக் கணக்கில் ஏஷியன் பெயின்ட்ஸின் நிகர லாபம் ரூ.1,205 கோடியிலிருந்து ரூ.695 கோடியாகச் சரிந்திருந்தது. 42% வீழ்ச்சி. திங்கள்கிழமை சந்தை திறந்ததும் பங்கு 8 சதவீதம் போல விழுந்தது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். 2022 ஜனவரியில் இந்தப் பங்கு 3,500 ரூபாயைத் தாண்டியிருந்தது. அந்த நிதியாண்டின் லாபம் சுமார் ரூ.3,030 கோடி. 2025 மார்ச் தொடக்கத்தில் பங்கு 2,200 ரூபாய்க்குக் கீழே. அந்த நிதியாண்டின் லாபம் சுமார் ரூ.3,670 கோடி.

கவனித்தீர்களா? மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட லாபம் அதிகம். ஆனாலும் பங்கு விலை கிட்டத்தட்ட 40% குறைவு. ஏனென்றால் 2022-ல் சந்தை அந்தக் கம்பெனியின் ஆண்டு லாபத்தைப்போல 100 மடங்குக்கும் மேல் விலை கொடுத்தது. 2025-ல் 60 மடங்குகூடக் கொடுக்கவில்லை. நல்ல கம்பெனிதான். ஆனால் 2022-ல் வாங்கியவர் கொடுத்த விலை அதிகம். நல்ல கம்பெனியா என்பது ஒரு கேள்வி; நல்ல விலையா என்பது இன்னொரு கேள்வி.

முழுச் சந்தையும் சரிந்தது எப்படி?

ஒரு கம்பெனியின் லாபம் குறைந்தால் அந்தப் பங்கு விழும், சரி. நிஃப்டியே ஏன் விழுந்தது?

2024 செப்டம்பர் 27-ல் நிஃப்டி 26,277 என்ற உச்சத்தைத் தொட்டது. அப்போது நிஃப்டியின் பி.இ. 24-ஐ ஒட்டி இருந்தது. அதாவது, லாபம் தொடர்ந்து நன்றாக வளரும் என்ற நம்பிக்கை விலையிலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. அடுத்த சில வாரங்களில் வந்த காலாண்டுக் கணக்குகள் அந்த நம்பிக்கையைக் கலைத்தன. வங்கி, பெயின்ட், சோப்பு, பிஸ்கட், பைக் என்று வேறு வேறு துறைகளிலிருந்து ஒரே மாதிரிச் செய்தி. நெஸ்லே இந்தியாவின் அப்போதைய தலைவர் சுரேஷ் நாராயணன், நடுத்தரப் பிரிவு சுருங்கி வருவதாக வெளிப்படையாகவே சொன்னார்.

நவம்பர் 29-ல் வந்த ஜிடிபி புள்ளிவிவரமும் இதையே காட்டியது. ஜூலை - செப்டம்பர் காலாண்டில் வளர்ச்சி 5.4% என்பது முதல் மதிப்பீடு. ஏழு காலாண்டுகளில் இதுதான் குறைவு.

வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு எங்கே போட்டாலும் பணம்தான். இந்தியாவில் லாப வளர்ச்சி குறைகிறது, விலையோ அதிகம். சீனாவில் அரசு ஊக்கத் திட்டங்களை அறிவித்திருக்கிறது, விலை குறைவு. அமெரிக்கப் பத்திரங்களிலும் நல்ல வட்டி. அக்டோபர் ஒரே மாதத்தில் இந்தியப் பங்குகளை விற்று அவர்கள் எடுத்துச் சென்றது ஏறக்குறைய ரூ.94,000 கோடி. அதுவரை எந்த மாதத்திலும் இவ்வளவு வெளியே போனதில்லை.

2024 அக்டோபரில் தொடங்கி 2025 பிப்ரவரி வரை ஐந்து மாதங்கள் தொடர்ந்து நிஃப்டி இறங்கியது. 1996-க்குப் பிறகு இப்படி நடந்தது அதுதான் முதல்முறை. மார்ச் தொடக்கத்தில் 22,000-க்குக் கீழே போனபோது உச்சத்திலிருந்து இறக்கம் சுமார் 16%, பி.இ. 20-ஐ ஒட்டி வந்திருந்தது. சிறிய கம்பெனிப் பங்குகளுக்கு அடி இன்னும் பலமாக விழுந்தது. ஏப்ரலில் டிரம்ப்பின் வரி அறிவிப்பால் இன்னொரு குலுக்கலும் வந்தது.

லாபம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் லாபம் பலமாக வளர்ந்துகொண்டிருந்தால் மற்றக் காரணங்களைச் சந்தை எளிதாகத் தாங்கியிருக்கும்.

லாபம் கூடியும் விழுந்த பங்குகள்

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். லாபம் குறைந்தால் விழும் என்றால், கூடினால் ஏற வேண்டுமே?

2024 ஜனவரி 16-ல் எச்டிஎஃப்சி வங்கி ரூ.16,372 கோடி காலாண்டு லாபம் காட்டியது. முந்தைய ஆண்டைவிட 30 சதவீதத்துக்கும் மேல் உயர்வு. மறுநாள் பங்கு 8 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. சென்செக்ஸையும் 1,628 புள்ளிகள் இழுத்துக்கொண்டு போனது. எச்டிஎஃப்சி நிறுவனத்துடன் இணைந்த பிறகான கணக்கு என்பதால் லாபம் பெரிதாகத் தெரிந்தது. உள்ளே பார்த்தவர்கள் கவனித்தது வேறு: டெபாசிட் போதிய வேகத்தில் வளரவில்லை, வட்டி மூலம் கிடைக்கும் லாப விகிதம் உயரவில்லை.

2023 ஏப்ரலில் இன்ஃபோசிஸுக்கும் இதே நிலை. லாபம் சுமார் 8% கூடியிருந்தது. ஆனால் அடுத்த ஆண்டு வருவாய் 4 முதல் 7 சதவீதம்தான் வளரும் என்று கம்பெனியே சொன்னது. முந்தைய ஆண்டு 15 சதவீதம் வளர்ந்த கம்பெனி அது. அடுத்த வர்த்தக நாளில் பங்கு ஒன்பது சதவீதத்துக்கும் மேல் சரிந்தது.

பத்தாம் வகுப்புப் பையன் 85 மார்க் வாங்குகிறான். வீட்டில் 70 எதிர்பார்த்திருந்தால் ஸ்வீட் வாங்குவார்கள். 95 எதிர்பார்த்திருந்தால்? மார்க் அதேதான், வரவேற்புதான் வேறு. சந்தையும் லாபத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை; எதிர்பார்ப்போடு சேர்த்துத்தான் பார்க்கிறது.

லாபம் படுத்தபோது ஏறிய சந்தை

இதன் மறுபக்கத்தை 2020-ல் பார்த்தோம். மார்ச் 23-ல் ஒரே நாளில் சென்செக்ஸ் 3,934 புள்ளிகள் விழுந்து 25,981-ல் நின்றது. ஏப்ரல் மாதம் மாருதி சுசூகி உள்நாட்டில் ஒரு கார்கூட விற்கவில்லை. ஜூலையில் அந்தக் கம்பெனி ரூ.249 கோடி காலாண்டு நஷ்டம் அறிவித்தது. 2003-ல் பட்டியலிடப்பட்ட பிறகு அதற்கு வந்த முதல் காலாண்டு நஷ்டம். ஆகஸ்ட் 31-ல் ஜிடிபி 23.9% சுருங்கியதாக அரசு சொன்னது.

அன்றைக்குச் சென்செக்ஸ் எங்கே இருந்தது தெரியுமா? 38,000-க்கு மேல். 2021 ஜனவரியில் 50,000-ஐத் தொட்டது.

கெட்ட கணக்குகள் வெளிவரும் முன்பே சந்தை விழுந்து முடித்திருந்தது. அவை வந்தபோது, “இதைவிட மோசமாகாது” என்று அடுத்த கட்டத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. லாபச் செய்தி மோசமாக வரும் நாளில் விற்றால், பெரும்பாலும் தாமதமாக விற்கிறோம் என்பதற்கு இது நல்ல சான்று.

எந்த லாபம்? தலைப்பை மட்டும் படிக்காதீங்க

“லாபம் 31% சரிவு” என்ற தலைப்பைப் பார்த்ததும் கை விற்கும் பட்டனுக்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள்.

2024 அக்டோபரில் பஜாஜ் ஆட்டோவின் கணக்கு வந்தபோது இரண்டு விதமான தலைப்புகள் வந்தன. தனிக் கணக்கில் லாபம் 9% உயர்ந்து ரூ.2,005 கோடி. துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கில் 31% குறைந்து ரூ.1,385 கோடி. இரண்டும் சரிதான். வரிச் சட்ட மாற்றத்துக்காக ஒருமுறை ஒதுக்கிய தொகையும், வெளிநாட்டுக் கூட்டு நிறுவனத்தின் சிரமமும் அதில் கலந்திருந்தன. மறுநாள் பங்கு சுமார் 13% விழுந்தது; பண்டிகைக்கால விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை என்ற கவலையும் அதற்கு ஒரு காரணம்.

ஒருமுறை வரும் செலவு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதற்கு வோடஃபோன் ஐடியா உதாரணம். அரசுக்குக் கட்ட வேண்டிய நிலுவை பற்றி 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அந்தத் தொகையை ஒரே காலாண்டில் கணக்கில் காட்டியபோது நஷ்டம் ரூ.50,921 கோடி. இதில் ‘ஒருமுறைச் செலவுதானே’ என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. அந்தக் கடன் சுமை இன்றுவரை கம்பெனியை அழுத்துகிறது. ஆக, ‘ஒருமுறை’ என்ற சொல்லைப் பார்த்தால் அடுத்த கேள்வி: இதைக் கட்ட கம்பெனியிடம் பணம் இருக்கிறதா?

செபி விதிப்படி ஒவ்வொரு காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் கம்பெனிகள் கணக்கை வெளியிட வேண்டும். கடைசிக் காலாண்டு மற்றும் முழு ஆண்டுக்கு 60 நாட்கள். பிஎஸ்இ, என்எஸ்இ இணையதளங்களில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கும். போனிலேயே படிக்கலாம். பார்க்க வேண்டியவை இவை:

• வருவாய் குறைந்ததா, செலவு கூடியதா? வருவாய் நன்றாக இருந்து மூலப்பொருள் விலை மட்டும் கூடியிருந்தால் அது மாறக்கூடிய சிக்கல்.

• முந்தைய ஆண்டின் இதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். ஏ.சி. கம்பெனியின் கோடைக்கால லாபத்தை மழைக்கால லாபத்தோடு ஒப்பிட்டால் தப்பான முடிவுதான் வரும்.

• ‘இதர வருமானம்’ எவ்வளவு? நிலம் விற்றோ, வட்டி வாங்கியோ வந்த லாபம் தொழிலில் வந்த லாபம் ஆகாது.

• கடன் கூடுகிறதா? கம்பெனி உரிமையாளர்கள் தங்கள் பங்குகளை அடகு வைத்திருக்கிறார்களா? லாபமும் இறங்கி, அடகும் ஏறினால் அது சிவப்பு விளக்கு.

• போட்டிக் கம்பெனிகளின் நிலை என்ன? எல்லோருக்கும் குறைந்திருந்தால் துறையின் பிரச்சினை. இவர்களுக்கு மட்டும் என்றால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

சரி, இதில் நம்ம பணத்துக்கு என்ன ஆகும்?

நேரடியாகப் பங்கு வாங்காதவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. பி.எஃப். நிறுவனம் தனக்கு வரும் புதிய தொகையில் 15 சதவீதம் வரை இ.டி.எஃப். வழியாகப் பங்குச் சந்தையில் போடுகிறது. என்.பி.எஸ்., யூலிப் வைத்திருப்பவர்களின் பணமும் அங்கேதான். ஐ.டி. கம்பெனியில் சம்பளத்தோடு பங்கும் வாங்குபவர் என்றால் இரண்டு பக்கமும் அடி: லாபம் குறைந்தால் பங்கின் மதிப்பு குறையும், சம்பள உயர்வும் குறையும். தன் கம்பெனிப் பங்கிலேயே எல்லாச் சேமிப்பையும் வைத்திருப்பது அதனால்தான் ஆபத்து.

அதிகம் அடிபடுபவர்கள் கடன் வாங்கி முதலீடு செய்தவர்களும், எஃப் அண்ட் ஓ-வில் இறங்கியவர்களும். அவர்களுக்குக் காத்திருக்க அவகாசம் கிடையாது. விலை இறங்கியதும் புரோக்கர் கூடுதல் பணம் கேட்பார், தராவிட்டால் விற்றுவிடுவார். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93% பேர் நஷ்டம் அடைந்ததாகவும், மொத்த நஷ்டம் ரூ.1.8 லட்சம் கோடிக்கும் மேல் என்றும் செபி ஆய்வு சொல்கிறது. இத்தனைக்கும் அது சந்தை பெரும்பாலும் ஏறிய காலம்.

எஸ்ஐபி-யை நிறுத்தணுமா?

2025 ஜனவரியில் நாடு முழுவதும் புதிதாகத் தொடங்கப்பட்ட எஸ்ஐபி கணக்குகள் சுமார் 56 லட்சம். நின்றுபோனவை 61 லட்சத்துக்கும் மேல். அதில் தவணைக்காலம் முடிந்தவையும் உண்டு. ஆனாலும் ‘சிவப்பாவே இருக்கு, போதும்’ என்று நிறுத்தியவர்கள் கணிசம்.

ஒரு எளிய கணக்கு போடுவோம். மாதம் ரூ.10,000 எஸ்ஐபி. ஐந்து மாதங்களில் ஒரு யூனிட்டின் விலை 100, 90, 80, 90, 100 என்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைக்கும் யூனிட்கள் 100, 111, 125, 111, 100. மொத்தம் 547. போட்ட பணம் ரூ.50,000. கடைசியில் மதிப்பு ரூ.54,700. சந்தை ஆரம்பித்த இடத்துக்குத்தான் திரும்பி வந்திருக்கிறது, ஆனாலும் உங்களுக்கு 9 சதவீதத்துக்கு மேல் லாபம். காரணம், விலை இறங்கிய மாதங்களில் அதிக யூனிட் சேர்ந்தது. அந்த மாதங்களில் நிறுத்தியவருக்கு அது கிடைக்காது.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: விலை திரும்பி வர வேண்டும். 2024-ன் பழைய உச்சத்தை நிஃப்டி தாண்டியது 2025 நவம்பர் கடைசியில். ஏறக்குறைய 14 மாதங்கள். இன்னும் நீண்ட காலம் எடுக்கவும் வாய்ப்புண்டு. அதனால் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் கல்யாணத்துக்கோ, வீட்டு முன்பணத்துக்கோ தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் வைக்காமல் இருப்பதே நல்லது. வேலை போகும் பயம் இருந்தால் ஆறு மாதச் செலவுக்கான பணம் முதலில், எஸ்ஐபி பிறகு.

இன்னொன்று. இந்த ‘இறங்க இறங்க வாங்கு’ கணக்கு பல கம்பெனிகள் சேர்ந்த ஃபண்டுக்குத்தான் பொருந்தும். ஒற்றைப் பங்குக்கு அப்படியே போட்டுப் பார்க்கக் கூடாது. 2018 ஆகஸ்ட்டில் யெஸ் வங்கிப் பங்கு 400 ரூபாயைத் தொட்டது. 300-ல் ‘மலிவு’ என்று வாங்கினார்கள், 100-ல் வாங்கினார்கள், 50-லும் வாங்கினார்கள். 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்த மறுநாள் ஒருகட்டத்தில் 6 ரூபாய்க்கும் கீழே போனது. 2019 டிசம்பர் காலாண்டுக்கு வங்கி காட்டிய நஷ்டம் ரூ.18,564 கோடி. நிஃப்டியில் ஒரு கம்பெனி கெட்டுப்போனால் அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்ப்பார்கள். உங்கள் டீமேட்டில் அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

விற்பதாக இருந்தால் இந்த மூன்று கேள்விகள்

ஒன்று: இந்தப் பங்கை எதற்காக வாங்கினேன்? அந்தக் காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா? ‘போட்டியே இல்லாத கம்பெனி’ என்று வாங்கியிருந்து, இப்போது பலமான போட்டி வந்துவிட்டால் காரணம் போய்விட்டது.

இரண்டு: கையில் பணமாக இருந்தால் இன்றைய விலையில் இதை வாங்குவேனா? ‘வாங்கின விலைக்கு வந்ததும் வித்துடலாம்’ என்று காத்திருப்பவர்கள் நிறைய. நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது சந்தைக்குத் தெரியாது.

மூன்று: விற்றால் வரிக் கணக்கு என்ன? ஓராண்டுக்குள் விற்ற பங்கின் லாபத்துக்கு 20% வரி. ஓராண்டுக்கு மேல் என்றால் ஆண்டுக்கு ரூ.1.25 லட்சத்தைத் தாண்டும் லாபத்துக்கு 12.5%. நஷ்டத்தில் விற்றிருந்தால் அதை வீணாக்காதீர்கள். குறுகிய கால நஷ்டத்தை இரண்டு வகை லாபத்திலும் கழிக்கலாம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டும். மிச்ச நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம். இதற்கு வருமான வரிக் கணக்கைக் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும் என்பதைப் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஆண்டுக்கு நான்கு முறை காலாண்டுக் கணக்குகள் வர ஆரம்பிக்கும். நான்கு முறையும் ஏதாவது ஒரு பெரிய பங்கு விழத்தான் செய்யும். அன்றைக்கு ஆப்பில் தெரியும் சிவப்பு எண்ணைப் பார்த்து முடிவெடுப்பதற்கு முன், அந்தக் கம்பெனியின் கணக்கு அறிக்கையைப் பத்து நிமிடம் படித்துவிடுங்கள். லாபம் ஏன் குறைந்தது என்று ஒரே வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடிகிறதா? முடிந்தால் முடிவெடுக்கலாம். முடியாவிட்டால், அந்தப் பங்கை நேரடியாக வைத்திருப்பதைவிட ஃபண்ட் வழியாக வைத்திருப்பதே உங்களுக்குப் பொருத்தம்.